அரை மணி நேர ஆல்பம்... 60 ஆண்டு துள்ளல்! - சம்பாவைத் திருப்பிப்போட்ட துறைமுகத் தொழிலாளியின் மகன்

பாடியவர் யாரென்று தெரியாது. என்ன மொழி என்றும் தெரியாது. ஆனால், ட்யூனை மட்டும் எங்கேயோ கேட்டதுபோல இருக்கும். அப்படி ஒரு பாட்டு உண்டு.

1998 கால்பந்து உலகக் கோப்பை சமயத்தில் வந்த நைக்கி விளம்பரம் நினைவிருக்கிறதா? விமான நிலையத்தில் காத்திருக்கும் பிரேசில் வீரர்கள் பொழுது போகாமல் பந்தை உதைக்க ஆரம்பித்து, பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, விமானம் நிற்கும் ஓடுதளம் வரை போய்விடுவார்கள். ரொனால்டோ கடைசியில் கம்பத்தில் அடித்துவிட்டு அசடு வழிவார். அந்த விளம்பரத்தின் பின்னணியில் ஓடிய பாட்டுதான் அது. 2006-ல் பிளாக் ஐட் பீஸ் குழுவின் ராப்போடு மறுபடியும் வந்தது. 2011-ல் குட்டீஸ் கொண்டாடிய 'ரியோ' அனிமேஷன் படத்தின் பாடல் தொகுப்பிலும் இடம்பிடித்தது.

பாட்டின் பெயர் 'மாஸ் கி நாடா'. பிரேசில் பேச்சு வழக்கில், 'அட, போப்பா... அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்பதுபோல ஓர் அர்த்தம். இதை எழுதி, மெட்டுப்போட்டு, கிட்டார் வாசித்துப் பாடியவர் ஜோர்ஜி பென். 1963-ல் வெளிவந்த அவருடைய முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு இது. ஆல்பத்தின் பெயர் 'சம்பா எஸ்கெமா நோவோ'. 'சம்பாவின் புதுப் பாணி' என்று சொல்லலாம்.

முதல் ஆல்பத்துக்கே இப்படி ஒரு பெயரா என்று கேட்கத் தோன்றும். ஒரு நாடே தன் அடையாளம் என்று கொண்டாடும் இசைக்கு, 'இதோ புதுப் பாணி' என்று ஓர் அறிமுகப் பாடகர் பெயர் சூட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் வீண்போகவில்லை என்பதற்கு 60 ஆண்டுகளைத் தாண்டியும் ஒலித்துக்கொண்டிருக்கும் அந்தப் பாட்டே சாட்சி.

கைது செய்யப்பட்ட கஞ்சிரா

ஜோர்ஜி பென் செய்தது என்ன என்று புரிய, சம்பா எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டு பிரேசில் மண்ணில் இறக்கப்பட்டவர்கள் 40 லட்சத்துக்கும் அதிகம். அமெரிக்கக் கண்டங்களிலேயே வேறு எந்த நாட்டுக்கும் இத்தனை பேர் கொண்டுவரப்படவில்லை. அங்கே அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடும் பிரேசில்தான். 1888 மே 13-ல் சட்டம் வந்தது. விடுதலை கிடைத்தது. நிலமோ, வீடோ, வேலையோ அதோடு சேர்ந்து கிடைக்கவில்லை.

வடகிழக்கிலுள்ள பாயியா பகுதியிலிருந்து பிழைப்பு தேடி ரியோ டி ஜெனிரோவுக்கு வந்த கறுப்பின மக்கள், துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் குடியேறினார்கள். அந்த வட்டாரத்துக்கே 'குட்டி ஆப்பிரிக்கா' என்று பெயர். பகலில் மூட்டை சுமந்தவர்கள் இரவில் பாடினார்கள், ஆடினார்கள். தியா சியாட்டா என்ற பாயியா பெண்மணியின் வீடு, இந்தப் பாட்டுக் கூட்டங்களுக்குப் பெயர்போன இடம். 'தியா' என்றால் அத்தை. ஊருக்கே அவர் அத்தை.

சம்பாவின் தாளம் இரண்டு எண்ணிக்கை கொண்டது. கனமான அடி, நாம் எதிர்பார்க்கும் முதல் எண்ணிக்கையில் விழாமல் இரண்டாவதில் விழும். 'சுர்டோ' என்ற பெரிய முரசு அந்த அடியைத் தரும். அதன்மேல் சின்னச் சின்னத் தாளக் கருவிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அவற்றில் ஒன்று 'பாண்டெய்ரோ'. வட்டமான சட்டம், ஒரு பக்கம் தோல், ஓரத்தில் கிண்கிணி வில்லைகள். நம் கஞ்சிராவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று பார்த்ததும் சொல்லிவிடலாம்.

அந்தக் காலத்தில் பாண்டெய்ரோவைக் கையில் வைத்திருந்தாலே போலீஸ் பிடிக்கும். 'வேலை வெட்டி இல்லாமல் திரிகிறவன்' என்று வழக்குப் போடும். ஜோவா டா பாயியானா என்ற கலைஞரின் பாண்டெய்ரோவை போலீஸ் பறிமுதல் செய்ய, ஒரு செனட்டர் தன் கையெழுத்துப் பொறித்த புது பாண்டெய்ரோவை அவருக்குப் பரிசளித்தார் என்பது பிரேசில் இசை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அதற்குப் பிறகு தொடத் துணிவார்களா என்ன?

1917-ல் 'பெலோ டெலிஃபோனி' என்ற பாட்டு சம்பா என்ற முத்திரையோடு இசைத்தட்டில் வந்து பெரிய வெற்றி பெற்றது. 1928-ல் எஸ்டாசியோ பகுதியில் முதல் சம்பா பள்ளி தொடங்கியது. 'பள்ளி' என்றால் பாடம் நடத்தும் இடம் என்று நினைத்துவிட வேண்டாம். கார்னிவல் ஊர்வலத்துக்காக ஊர் சேர்ந்து நடத்தும் ஆட்டக்குழு அது. 1930-களில் வானொலி பரவியது; அரசும் கைகொடுத்தது. போலீஸ் துரத்திய இசை, 20 வருடத்தில் தேசத்தின் இசையானது.

கடற்கரைப் பக்கம் போன சம்பா

ரியோ நகரம் இரண்டு முகம் கொண்டது. தெற்கில் கோப்பகபானா, இபனேமா என்று கடலைப் பார்த்த அடுக்குமாடிகள். வடக்கில் மலைக்கு அந்தப் பக்கம், ரயில் பாதை ஓரம் உழைப்பாளிகளின் குடியிருப்புகள்.

1950-களின் கடைசியில், தெற்குப் பக்கத்து இளைஞர்கள் சம்பாவை எடுத்து மென்மையாக்கினார்கள். முரசுகள் அடங்கின. ஒரு கிட்டார், காதோடு பேசுவதுபோல ஒரு குரல், ஜாஸ் இசையிலிருந்து வந்த ஸ்வரக் கூட்டுகள். இதுதான் 'போசா நோவா'. 1958-ல் ஜோவா ஜில்பெர்டோ பாடிய 'ஷேகா டி சௌடாஜி' அதன் தொடக்கப் புள்ளி. 1962 நவம்பரில் நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் போசா நோவா கச்சேரி நடந்தது. பிரேசில் இசை என்றால் போசா நோவா என்று உலகம் சொல்ல ஆரம்பித்தது.

அழகான இசைதான். சந்தேகமில்லை. ஆனால், வடக்குப் பக்கத்து மக்களின் வியர்வையும் கூச்சலும் அதில் குறைந்துபோயிருந்தன. சம்பா நாசூக்காகிவிட்டது. அந்த நேரத்தில்தான் வடக்கிலிருந்து கிட்டாரோடு வந்தார் ஜோர்ஜி.

அப்பா தாளம்... அம்மா கிட்டார்!

ஜோர்ஜியின் முழுப்பெயர் ஜோர்ஜி டுயிலியோ லிமா மெனேசிஸ். அப்பா அகுஸ்டோ துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி. வேலை முடிந்தால் பாட்டு, கார்னிவல் என்றால் பாண்டெய்ரோ. அம்மா சில்வியா, எத்தியோப்பிய வேர்கள் கொண்டவர் என்று ஜோர்ஜி பலமுறை சொல்லியிருக்கிறார். மேடைப் பெயரில் இருக்கும் 'பென்', அம்மா வழிக் குடும்பப் பெயரிலிருந்து வந்தது.

13 வயதில் பாண்டெய்ரோ கைக்கு வந்தது. தேவாலயப் பாடகர் குழுவில் பாடினார். பிற்பாடு அம்மா ஒரு கிட்டார் வாங்கித் தந்தார். முறைப்படி பாடம் எதுவும் கிடையாது. தானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார். நடுவில் கால்பந்து ஆசையும் உண்டு. ஃபிளமெங்கோ கிளப்பின் இளைஞர் அணியில் ஆடியவர் அவர். கால்பந்து கைவிட்டுப் போனாலும் பாட்டில் தங்கிவிட்டது. ஃபிளமெங்கோ வீரர் ஒருவரைப் பாராட்டி 1972-ல் அவர் எழுதிய 'ஃபியோ மாராவில்யா' இன்றும் பிரபலம்.

வடக்கு ரியோவின் டிஜுக்கா பகுதியில், ரூவா டோ மடோசோ தெருவோரம் 'டிவினோ' என்றொரு பார். அங்கே வெட்டியாகக் கூடி ராக் அண்ட் ரோல் பேசிக்கொண்டிருந்த பையன்கள் கூட்டத்தில் ஜோர்ஜியும் ஒருவர். கூட இருந்தவர்கள் யார் தெரியுமா? டிம் மாயா, எராஸ்மோ கார்லோஸ், ராபர்டோ கார்லோஸ். பின்னாளில் பிரேசிலின் சோல் இசைக்கும் ராக் இசைக்கும் முகமாக ஆனவர்கள். ஒரே தெருமுனையில் ஒரு தலைமுறையின் இசையே உட்கார்ந்திருந்தது! 'பாப் ஏ லீனா' என்ற அமெரிக்க ராக் பாட்டை ஜோர்ஜி தன் வாய்க்கு வந்தபடி பாடப்போய், 'பாபுலினா' என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

ஆக, ஒரு காதில் அப்பாவின் கார்னிவல் தாளம். இன்னொரு காதில் அமெரிக்க ராக். நடுவில் ஜோவா ஜில்பெர்டோவின் கிட்டார்மேல் அளவில்லாத ஆசை. மூன்றையும் தனித்தனியாக வைத்திருக்க அவருக்குத் தெரியவில்லை. அதுதான் நல்லதாகப் போயிற்று.

பாட்டில் பறக்கும் சந்து

கோப்பகபானாவில் டுவிவியே தெருவை ஒட்டி ஒரு முட்டுச்சந்து. அதில் வரிசையாகச் சின்னச் சின்ன இரவு விடுதிகள். ராத்திரி முழுக்கச் சத்தம். தூக்கம் கெட்ட மாடிவாசிகள் ஜன்னலைத் திறந்து கீழே நிற்பவர்கள்மேல் பாட்டிலை வீசுவார்களாம். அதனாலேயே அந்தச் சந்துக்கு 'பெக்கோ டாஸ் கர்ராஃபாஸ்', அதாவது 'பாட்டில் சந்து' என்று பெயர் நிலைத்துவிட்டது. விடுதிகளும் சளைக்கவில்லை. ஒன்றின் பெயர் 'பாட்டில்ஸ் பார்'!

போசா நோவாவையும் ஜாஸையும் கலந்து இளம் இசைக்கலைஞர்கள் கைவரிசை காட்டிய இடம் அது. பியானோ கலைஞர் செர்ஜியோ மெண்டிஸ் வளர்ந்ததும் இங்கேதான். அங்கே கிட்டாரோடு மேடையேறிய ஜோர்ஜியின் பாட்டைக் கேட்டார், பிலிப்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் அர்மாண்டோ பிட்டிலியானி. உடனே ஒலிப்பதிவுக்கு அழைத்தார்.

1963-ல் முதலில் ஓர் இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கம் 'மாஸ் கி நாடா', மறுபக்கம் 'போர் கௌசா டி வோசே, மெனினா'. அது ஓடிய ஓட்டத்தில் அதே வருடம் முழு ஆல்பமும் வந்துவிட்டது.

ஒரு சிக்கல் இருந்தது. ஜோர்ஜி கிட்டார் வாசிக்கும் விதம் பாடப்புத்தகத்தில் இல்லாதது. கூட வாசிக்க வருகிறவர்கள் எங்கே நுழைவது, எங்கே முடிப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். கடைசியில் கைகொடுத்தவர்கள் சாக்ஸஃபோன் கலைஞர் மெய்ரெல்லிஸும் அவருடைய 'கோப்பா 5' குழுவும். பாட்டில் சந்தில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். எதிர்பாராத இடத்தில் திரும்பும் இசை அவர்களுக்குப் பழக்கம். ஜோர்ஜி போகும் போக்கில் விட்டு, பக்கத்திலேயே ஓடிவந்தார்கள்.

அப்படி என்ன புதுசு?

மொத்தம் 12 பாட்டுகள். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட வராது. 'டிம் டோம் டோம்' என்ற ஒரே ஒரு பாட்டைத் தவிர, மற்ற 11-ம் ஜோர்ஜி எழுதியவை.

முதல் புதுமை, கிட்டார். ஜோவா ஜில்பெர்டோவின் விரல்கள் கம்பிகளை மெல்லக் கிள்ளும். ஜோர்ஜியின் கை கம்பிகள் அத்தனையையும் சேர்த்து வாரி அடிக்கும். அவர் கையில் கிட்டார் பாதி நேரம் தாளக் கருவி. பாண்டெய்ரோவில் பழகிய கை அல்லவா? போசா நோவா அடக்கிவைத்திருந்த கார்னிவல் தாளம், ராக் இசையின் அடியோடு கைகோத்துக் கம்பி வழியாக வெளியே வந்தது.

இரண்டாவது, குரல். போசா நோவா பாடகர்கள் பேசுவதுபோலப் பாடினார்கள். ஜோர்ஜி கெஞ்சுவார், இழுப்பார், நடுவில் அர்த்தமே இல்லாத ஓசைகளைத் தூவுவார். துள்ளலான தாளத்துக்கு மேலே ஒரு மெல்லிய சோகம் மிதக்கும். 'நீ' என்பதற்கான 'வோசே' என்ற சொல்லை அவர் 'வோஷே' என்று கொஞ்சலாக உச்சரித்ததுகூட ரசிகர்களிடம் பேசுபொருளானது.

மூன்றாவது, வரிகள். கடல், சூரியன், ஏக்கம் என்று கவித்துவமாக எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஜோர்ஜி தெருவில் பேசுவதுபோல எழுதினார். 'ஷோவி ஷூவா' பாட்டில் மழை கொட்டுகிறது. அவருக்கு ஒரே கவலை, காதலி நனைகிறாளே என்பதுதான். மழையை நிறுத்தச் சொல்லிக் கடவுளிடம் வேண்டிக்கொள்கிறார். அவ்வளவுதான் பாட்டு! சில விமர்சகர்கள், 'சின்னப்பிள்ளைத்தனம்' என்று உதட்டைப் பிதுக்கினார்கள். கேட்பவர்கள் அதைத்தான் விரும்பினார்கள்.

'மாஸ் கி நாடா' பாட்டின் பொருளும் எளிமையானதுதான். வழிவிடு, நான் போகணும், இந்த சம்பா களைகட்டுது என்கிற சேதி. அதோடு ஒரு முக்கியமான தகவலும் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இது மரகாட்டு கலந்த சம்பா என்று அவரே சொல்லிவிடுகிறார். மரகாட்டு என்பது வடகிழக்கின் பெர்னம்புகோ பகுதியின் கறுப்பின ஊர்வல இசை. கூடவே 'பிரெட்டோ வெல்யோ' என்பவரையும் கூப்பிடுகிறார். உம்பாண்டா என்ற ஆப்பிரிக்க - பிரேசிலிய வழிபாட்டில், அடிமைகளாக வாழ்ந்து மறைந்த முதியவர்களின் ஆவிகளுக்கு அந்தப் பெயர். நம் ஊரில் முன்னோரைச் சாமியாக வணங்குவோமே, அதுபோல.

கோப்பகபானா விடுதியில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு அது ஜாலியான பாட்டு. ரியோவின் வடக்குப் பக்கத்தில் கேட்பவர்களுக்கு அது வீட்டுப் பெரியவர்களின் பெயர்.

நீ எந்தக் கட்சி?

புதுசாக ஒன்றைச் செய்தால், 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்காமல் விடுவார்களா?

1964-ல் பிரேசிலில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த வருடமே தொலைக்காட்சியில் இரண்டு இசை நிகழ்ச்சிகள் போட்டிபோட ஆரம்பித்தன. ஒன்று, எலிஸ் ரெஜினா நடத்திய 'ஓ ஃபினோ டா போசா'. அது பிரேசில் மண்ணின் இசைக்கு. இன்னொன்று, ராபர்டோ கார்லோஸின் 'ஜோவெம் குவார்டா'. அது எலெக்ட்ரிக் கிட்டார், ராக், இளசுகளின் கூச்சல். ஜோர்ஜிக்கு இரண்டு பக்கமும் நண்பர்கள் உண்டு. அவர் பழைய தெருமுனை நண்பர்களின் ராக் மேடையில் ஏறியதும், மண்ணின் இசைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

சண்டை எந்த அளவுக்குப் போனது என்றால், 1967 ஜூலையில் சாவோ பாலோ நகரில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு எதிராக ஓர் ஊர்வலமே நடந்தது! பாடகர்களே தெருவில் இறங்கி நடந்தார்கள். அந்நிய இசை நம் இசையை அழித்துவிடும் என்ற பயம். இன்றைக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால், ராணுவ ஆட்சியின் கீழ் எதையெல்லாமோ இழந்துகொண்டிருந்தவர்களுக்கு, பாட்டாவது நம்முடையதாக இருக்கட்டும் என்ற தவிப்பு அதில் இருந்தது.

ஜோர்ஜி எந்த ஊர்வலத்திலும் கொடி பிடிக்கவில்லை. கொஞ்ச காலம் ஓரங்கட்டப்பட்டார். பிலிப்ஸ் நிறுவனத்தை விட்டு விலகி, வேறொரு சிறிய நிறுவனத்துக்காக 1967-ல் எலெக்ட்ரிக் கிட்டாரோடு ஓர் ஆல்பம் போட்டார்.

காத்திருப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. காயிடானோ வெலோசோ, ஜில்பெர்டோ ஜில் இருவரும் 1960-களின் பிற்பகுதியில் தொடங்கிவைத்த 'ட்ரோப்பிகாலியா' இயக்கம், 'எல்லாவற்றையும் கலக்கலாம்' என்று அறிவித்தது. அவர்கள் முன்னோடியாகப் பார்த்தவர்களில் ஜோர்ஜியும் ஒருவர். ஜோர்ஜியின் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, 'இனி நான் எழுத வேண்டியதே இல்லை' என்று ஜில் ஒரு கட்டத்தில் நினைத்தார் என்பதை வெலோசோ தன் நினைவுக் குறிப்புகளில் பதிவுசெய்திருக்கிறார். நல்லவேளை, ஜில் எழுதுவதை நிறுத்தவில்லை. 1975-ல் இருவரும் சேர்ந்து ஓர் ஆல்பமே செய்தார்கள்.

1969-ல் ஜோர்ஜி எழுதிய 'பாயிஸ் ட்ரோப்பிகல்' நாடு முழுக்க ஒலித்தது. 1971-ல் வந்த ஆல்பத்தின் பெயர் 'நெக்ரோ எ லிண்டோ'. கறுப்பு அழகு என்று பொருள். 1974-ல் 'சும்பி' என்ற பாட்டு. தப்பியோடிய அடிமைகள் அமைத்த பல்மாரிஸ் குடியிருப்பின் தலைவர் சும்பி. 1695 நவம்பர் 20-ல் கொல்லப்பட்டவர். அந்த நாள் பிரேசில் முழுமைக்கும் பொது விடுமுறையானது 2024-ல்தான். ஜோர்ஜியின் பாட்டு அதற்கு 50 வருடம் முன்னாலேயே வந்துவிட்டது.

தாஜ் மஹால் பாட்டும் திருட்டு வழக்கும்

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. ஷாஜகான், மும்தாஜ் காதலைக் கேட்டு மயங்கிய ஜோர்ஜி, 1972-ல் 'தாஜ் மஹால்' என்று ஒரு பாட்டு எழுதினார். பிரேசிலில் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு அது.

1978 கடைசியில், பிரிட்டிஷ் ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட்டின் 'டா யா திங்க் ஐயம் செக்ஸி?' வெளிவந்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. பிரேசில்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். 'இது நம்ம தாஜ் மஹால் மெட்டாச்சே!'

விவகாரம் சட்டப் பிரச்னையாகி, நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடிக்கப்பட்டது. அந்தப் பாட்டின் வருமானம் குழந்தைகளுக்கான யுனிசெஃப் அமைப்புக்குப் போனது. 1978 கார்னிவலின்போது ரியோவில் இருந்ததாகவும், அங்கே கேட்ட மெட்டு மனதில் தங்கி, தன்னையறியாமல் வெளியே வந்துவிட்டதாகவும் 2012-ல் வெளியான தன் சுயசரிதையில் ராட் ஸ்டூவர்ட் ஒப்புக்கொண்டார்.

கதை இங்கே முடிந்தால், ஏமாந்த ஏழை நாட்டுக் கலைஞர், எடுத்துக்கொண்ட பணக்கார நாட்டு நட்சத்திரம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால், 'மாஸ் கி நாடா'வுக்கே இப்படி ஒரு முன்கதை இருக்கிறது. ஜோசே பிராடிஸ் என்ற இசைக்கலைஞர் 1958-ல் வெளியிட்ட ஆல்பத்தில் 'நானா இம்போரோ' என்று ஒரு பாட்டு உண்டு. ஆப்பிரிக்க வழிபாட்டு இசையைத் தழுவியது. அதைக் கேட்டால், 'மாஸ் கி நாடா'வின் புகழ்பெற்ற கோரஸ் பகுதி அப்படியே காதில் விழும்.

இன்னும் பின்னால் போனால் முதல் பிரபல சம்பாவான 'பெலோ டெலிஃபோனி'யே தகராறில்தான் தொடங்கியது. டோங்கா என்ற கலைஞர் அதைத் தன் பெயரில் பதிவுசெய்தார். 'அது தியா சியாட்டா வீட்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாடியதாச்சே' என்று மற்றவர்கள் கொதித்தார்கள்.

கூட்டமாகப் பாடிப் பிறந்த இசை, காகிதத்தில் ஏறும்போது மட்டும் ஒரே ஒருவர் பெயரைக் கேட்கிறது. வட்டமாக உட்கார்ந்து பாடும்போது யார் எந்த மெட்டை எடுத்துக் கொடுத்தார் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. காசு வரும்போதுதான் கணக்கு வருகிறது. அப்போது பதிவு அலுவலகம் பக்கம் போகத் தெரிந்தவர் ஜெயிக்கிறார். ஜோர்ஜி தரப்புக்கு ராட் ஸ்டூவர்ட்டிடம் கேள்வி கேட்க முடிந்தது, 'தாஜ் மஹால்' அவர் பெயரில் பதிவாகியிருந்ததால்தான். துறைமுகத்தில் பாடிய அவருடைய அப்பா தலைமுறைக்கு அந்த வசதி கிடையாது.

பாட்டைவிடப் பிரபலமில்லாத பாடகர்

'மாஸ் கி நாடா'வை உலகத்துக்குக் கொண்டுபோனவர் செர்ஜியோ மெண்டிஸ். அதே பாட்டில் சந்துக்காரர். அமெரிக்கா போய் 'பிரேசில் 66' குழுவைத் தொடங்கி, 1966-ல் இந்தப் பாட்டை வெளியிட்டார். பாடிய லானி ஹால் அமெரிக்கப் பெண். ஆனாலும் பாட்டு போர்ச்சுக்கீசிய மொழியிலேயே ஒலித்தது. ஆங்கிலத்தில் மாற்றாமலே அமெரிக்க ஹிட் வரிசையில் ஏறியது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். நைக்கி விளம்பரத்தில் வந்தது 'டம்பா ட்ரியோ' குழுவின் வடிவம். 2006-ல் பிளாக் ஐட் பீஸோடு கைகோத்ததும் மெண்டிஸ்தான். 2024-ல் அவர் மறைந்தபோது, உலகப் பத்திரிகைகளின் அஞ்சலிகளில் தவறாமல் இடம்பெற்ற பாட்டு இதுதான்.

இப்படிப் பலர் கைக்கு மாறி மாறிப் போனதில், எழுதியவர் பெயர் பலருக்குத் தெரியாமலே போனது. 1980-களின் கடைசியில் ஜோர்ஜி தன் பெயரை 'ஜோர்ஜி பென் ஜோர்' என்று மாற்றிக்கொண்டார். அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சனின் பெயரோடு குழம்பி, தனக்கு வர வேண்டிய ராயல்டி திசைமாறியதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள்.

அங்கீகாரம் வராமல் இல்லை. 2005-ல் லத்தீன் கிராமியின் வாழ்நாள் சாதனை விருது. 2007-ல் பிரேசிலின் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை வெளியிட்ட நாட்டின் தலைசிறந்த 100 ஆல்பங்கள் பட்டியலில் 'சம்பா எஸ்கெமா நோவோ'வுக்கு 15-வது இடம். 1974-ல் அவர் செய்த 'ஆ டாபுவா டி எஸ்மெரால்டா' 6-வது இடம். 2013-ல் 'மாஸ் கி நாடா'வின் 1963 ஒலிப்பதிவு, லத்தீன் கிராமியின் புகழ் அரங்கில் சேர்க்கப்பட்டது. கவனிக்க, மெண்டிஸின் வடிவம் கிடையாது, ஜோர்ஜியின் வடிவம்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஆல்பம் முழுவதும் ஸ்ட்ரீமிங் தளங்களில் கிடைக்கிறது. மொழி தெரியாதே என்ற தயக்கம் வேண்டாம். முதலில் 'மாஸ் கி நாடா'. மெண்டிஸின் பளபளப்பான வடிவத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, இதன் சற்றே நிதானமான ஓட்டமும் மெய்ரெல்லிஸ் குழுவின் ஊதுகருவிகளும் ஆச்சர்யம் தரும். அடுத்து 'ஷோவி ஷூவா'. கிட்டாரை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். அந்த ஒற்றைக் கையில் எத்தனை தாளக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புரியும். மூன்றாவதாக 'பலான்சா பெமா'. இதை 1994-ல் மாரிசா மோன்ட்டி மறுபடி பாடினார். இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டால், 30 வருட இடைவெளி காதில் உறைக்கவே உறைக்காது.

அப்பாவின் துறைமுகத் தாளம், தெருமுனை நண்பர்களின் ராக், கடற்கரைக்காரர்களின் கிட்டார்... இதில் எதையும் விட்டுக்கொடுக்காமல் பாடினார் ஜோர்ஜி. 'எந்தப் பக்கம்' என்று கேட்டவர்களின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சில வருடங்களிலேயே முடிந்துபோயின. அந்த 12 பாட்டுகளை இன்றும் போட்டுக் கேட்கிறார்கள்.